மூன்றாம் வகுப்பில் வர வேண்டிய மதிப்பீடு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளிகள் தயாரிக்கத் தொடங்கும் மாதங்களில், உளவியல் மதிப்பீடு கேட்டு வரும் பெற்றோரின் கூட்டம் கூடிவிடும். "பையனுக்கு எல்.டி. இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்பார்கள். எல்.டி. என்றால் கற்றல் குறைபாடு. தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு அந்தத் தாள் வேண்டும். பையனுக்கு வயது பதினைந்து. அவன் எழுத்துக்கூட்டத் திணறுவதை மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பார்த்திருப்பார். அம்மா அதற்கும் முன்பே பார்த்திருப்பார். இடையில் கழிந்த ஏழு ஆண்டுகளில் டியூஷன் மாறியிருக்கும், பள்ளி மாறியிருக்கும். அடியும் 'சோம்பேறி' என்ற பெயரும் மட்டும் மாறாமல் தொடர்ந்திருக்கும்.

தேர்வுச் சலுகைகள் அந்தப் பிள்ளையின் உரிமை. அவற்றை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைவையும் கண்டறியும் மதிப்பீட்டின் முதல் வேலை வேறு. பிள்ளை எப்படிக் கற்கிறது, எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது, நாளைக் காலை வகுப்பில் எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்ய விடாமல், பள்ளி வாழ்க்கை முடியப்போகும் நேரத்தில் வாங்கும் ஒரு சான்றாக அதைச் சுருக்கிவிட்டோம். பிள்ளைகளுக்கு இது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

மதிப்பீட்டு அறைக்குள் என்ன நடக்கிறது என்பதே பல பெற்றோருக்குச் சொல்லப்படுவதில்லை. முறையான மதிப்பீடு கண்ணையும் காதையும் பரிசோதித்த பிறகுதான் தொடங்கும். அடுத்து பெற்றோருடன் நீண்ட பேச்சு: பிரசவம் எப்படி இருந்தது, பேச்சு எந்த வயதில் வந்தது, வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் சிரமம் இருந்ததா, எத்தனை பள்ளி, எந்தெந்த மொழி வழி. பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை. சொற்களுக்குப் பொருள் சொல்வது, கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது, கேட்ட எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது, குறிப்பிட்ட நேரத்துக்குள் குறியீடுகளை நிரப்புவது என்று அது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதன்பின் பாடத்திறன்: சத்தமாக வாசித்தல், வாசித்ததைப் புரிந்துகொள்ளுதல், சொல்வதெழுதுதல், பார்த்தெழுதுதல், கணக்கு. கவனம் பற்றிய ஐயம் இருந்தால் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்ப வேண்டிய வினாப்பட்டியல்கள் உண்டு.

இவ்வளவையும் ஒரே அமர்வில் முடித்தால், கடைசிச் சோதனைகள் பிள்ளையின் சோர்வைத்தான் அளக்கும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் செய்கிறாரா, எந்தெந்தச் சோதனைகளைச் செய்தார், எந்த மொழியில் செய்தார் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். அரை மணி நேரத்தில் தாள் கையில் கிடைத்துவிட்டது என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தாள் வந்ததும் எல்லாக் கண்களும் தேடுவது ஓர் எண்ணைத்தான். "ஐ.க்யூ. எவ்வளவு சார்?" இந்த எண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் முதல் அறிவுத்திறன் அளவுகோலை உருவாக்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கற்பித்தல் தேவை என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். அறிவு மாறாத, கூடாத ஒரு பொருள் என்ற கருத்தைப் பினே கடைசிவரை எதிர்த்தார். பயிற்சியால் அது வளரும் என்றே நம்பினார். அவர் இறந்தது 1911இல். மன வயதை உண்மை வயதால் வகுத்து ஒற்றை எண்ணாக்கும் யோசனையை ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் முன்வைத்தது 1912இல். இன்று பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணை, சோதனையைக் கண்டுபிடித்தவர் பார்க்கவே இல்லை.

இன்றைய சோதனைகளில் 100 என்பது சராசரி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். எந்த எண்ணுக்கும் இரு பக்கமும் சில புள்ளிகள் பிழை இடைவெளி உண்டு. 92 என்று அச்சாகியிருந்தால், உண்மைத் திறன் 87க்கும் 97க்கும் நடுவே எங்கோ இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 96உடன் அதை ஒப்பிட்டு வருந்த எந்தக் காரணமும் இல்லை.

அதைவிட முக்கியமானது, அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்திருக்கும் மேடுபள்ளம். ஒரு பிள்ளை சொல்லறிவில் 112, செயல்வேகத்தில் 78 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மற்றவற்றோடு சேர்ந்து மொத்தம் 96 ஆகிவிடும். 'சராசரி அறிவுத்திறன்' என்று எழுதிவிடுவார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளை வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த பாடவேளை மணி அடித்துவிடும். "வாய் மட்டும் கிழியுது, எழுதச் சொன்னா வலிக்குது" என்று ஆசிரியர் திட்டுவது இதைத்தான். அந்த 34 புள்ளி இடைவெளி ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், வீட்டுப்பாடத்தைப் பலகையிலிருந்து பார்த்தெழுதச் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுத்திருப்பார். பாதி விடைகளை வாய்மொழியாகக் கேட்டிருப்பார். இன்னொரு பிள்ளைக்குச் செயல்நினைவு குறைவாக இருக்கும். "நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொன்னால் அதற்கு நோட்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். செலவில்லாத மாற்றங்கள் இவை. அறிக்கையைப் படித்தவர்களால்தான் செய்ய முடியும்.

கையாளும் கருவிகளின் வயதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் இன்றும் புழங்கும் பினே-காமத் சோதனை, 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து வி.வி. காமத் உருவாக்கியது. மாலின் சோதனை, உளவியலாளர் வெக்ஸ்லரின் 1949ஆம் ஆண்டு அளவுகோலைத் தழுவி 1969இல் வந்தது. உலகின் பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண்கள் உயர்ந்துவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். அப்படியென்றால், அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடும்போது வரும் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். உதவி தேவைப்படும் பிள்ளை 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு அதுவும் ஒரு வழி.

எனக்கு மிகப் பெரிய கவலை மொழியைப் பற்றியது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சோதனையும் ஆங்கிலத்தில் என்றால், அந்தப் பிள்ளையிடம் எதை அளக்கிறோம்? வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத, ஆசிரியரும் தமிழிலேயே விளக்கிச் சொல்லும் 'இங்கிலீஷ் மீடியம்' வகுப்பில் படிக்கும் பிள்ளை ஆங்கிலப் பத்தியை வாசிக்கத் திணறுவது டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு ஆகிவிடாது. அந்த மொழி அதற்குச் சரியாகக் கற்பிக்கப்படாமல் இருக்கலாம். மதுரையில் சௌராஷ்டிர வீடுகளிலிருந்தும், கிருஷ்ணகிரியில் தெலுங்கு, கன்னட வீடுகளிலிருந்தும், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. ஒரு மொழியில் மட்டும் சோதித்து அவர்கள்மீது முத்திரை குத்துவது ஆபத்து.

தமிழில் சோதித்தாலும், ஆங்கிலத்துக்கு உருவான அளவுகோலை அப்படியே மொழிமாற்றம் செய்தால் போதாது. ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்பமானது. அதனால் ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பும் தவறுமாக வாசிக்கும். பிழைகளை எண்ணினாலே தெரிந்துவிடும். எழுத்தும் ஒலியும் பெரிதும் பொருந்தி வரும் ஜெர்மன் போன்ற மொழிகளில் கதை வேறு. அங்கே அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்று ஆஸ்திரிய ஆய்வாளர் ஹைன்ஸ் விம்மர் 1990களில் காட்டினார். தமிழ் வாசிப்பு இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிட ஜெர்மனுக்கே நெருக்கம். வல்லின எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறுவதைத் தவிர்த்தால், பார்ப்பதை அப்படியே ஒலிக்கலாம். ஆகவே தமிழ்ப் பிள்ளையின் சிக்கல் பிழைகளின் எண்ணிக்கையில் தெரியாமல், ஒரு வரியை முடிக்க எடுக்கும் நேரத்தில் தெரியக்கூடும். கடிகாரம் இல்லாமல் சோதித்தால் அந்தப் பிள்ளை தப்பிப்போகும்.

எழுதும்போது சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கும். ல-ள-ழ, ர-ற, ன-ண-ந மயக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சில காலம் இருப்பதுதான். எந்த வகுப்பு வரை அது இயல்பு, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளை அளந்து பெற்ற எல்லைக்கோடு வேண்டும். உயிர்மெய் வரிசைகள் முழுவதும் வசப்படவே ஆண்டுகள் ஆகும். கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், ஆங்கில எழுத்துகளைவிட அது நெடுங்காலம் நீள்வதைப் பதிவுசெய்திருக்கிறார். 247 எழுத்து கொண்ட தமிழுக்கும் இது பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளுக்கான டிஸ்லெக்சியா மதிப்பீட்டுத் தொகுப்பை 2015இல் வெளியிட்டபோது அதில் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் இருந்தன. தமிழ் இல்லை. கற்றல் குறைபாட்டுக்காக 1990களின் தொடக்கத்திலிருந்தே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இயங்கிவரும் ஊர் சென்னை. இங்கே இந்தப் பணிக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போகவில்லை. அரசு இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

கவனக்குறைவு விஷயத்தில் வேறொரு சிக்கல். ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்க நிலையை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது, கணினித் திரையில் பதினைந்து நிமிடம் பொத்தானை அழுத்தும் சோதனையும் தனியாகப் போதாது. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநலக் கோளாறுகள் கையேட்டின் வரையறையின்படி கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஆறேனும், அல்லது மிகையியக்கம் சார்ந்த ஒன்பதில் ஆறேனும், குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது வெளிப்பட வேண்டும். ஆசிரியரின் பதிவு இல்லாமல், அம்மா சொல்வதை மட்டும் வைத்து முடிவுசெய்த அறிக்கை அரைகுறை என்பதற்கு இதுவே காரணம். தூக்கக் குறைவு, ரத்தசோகை, காது சரியாகக் கேட்காதது, சில நொடிகள் வெறித்து நின்று மீளும் வகை வலிப்பு, வீட்டில் நடக்கும் சண்டை எல்லாமே வகுப்பறையில் கவனக்குறைவாகத்தான் தெரியும். இவற்றை விலக்கிய பிறகே பெயர் வைக்க வேண்டும்.

இதில் அதிகம் விடுபடுகிறவர்கள் பெண் பிள்ளைகள். மேசைமீது ஏறிக் குதிக்கும் பையனைப் பற்றி ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாருக்கும் தொந்தரவு தராமல், பாதிப் பாடத்தைத் தவறவிடும் பெண்ணை 'அமைதியான பொண்ணு, கொஞ்சம் மந்தம்' என்று விட்டுவிடுவார்கள். பேனாவைத் தொலைப்பதும், கேட்டதை மறப்பதும், தேர்வில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே தாளைக் கொடுத்துவிட்டு வருவதும் அவள் குணம் என்றாகிவிடும். கல்லூரிக்கு வந்து நிலைகுலைந்த பிறகே அவர்களில் பலர் மருத்துவரைப் பார்க்கிறார்கள்.

சட்டமும் இங்கே ஒரு பள்ளத்தை விட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு பட்டியலில் சேர்ந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. ஆனால் ஏ.டி.ஹெச்.டி.க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. இரண்டும் சேர்ந்தே வரும் பிள்ளைகள் ஏராளம். கவனக்குறைவு மட்டும் உள்ள பிள்ளைக்கோ சான்றிதழுக்கு வழியில்லை. அதன் பெற்றோர் எப்படியாவது 'எல்.டி.' என்று எழுதித் தரும்படி உளவியலாளரை நெருக்குவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கதவு ஒன்றுதான் திறந்திருக்கிறது. பட்டியலைத் திருத்துவதே முறை.

கற்றல் குறைபாட்டுச் சான்றுக்கு 2018 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேல் சான்று தரலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்தலாம் என்றது. அந்தத் தொகுப்பு ஏழாம் வகுப்பு வரையிலான பாடத்திறனை அளக்க உருவானது. அதை வைத்துப் பத்தாம் வகுப்புப் பையனை அளந்தால் என்ன கிடைக்கும்? ஏழு ஆண்டு மனப்பாடத்தாலும் டியூஷனாலும் அவன் தேற்றிக்கொண்ட வாசிப்பு, ஏழாம் வகுப்பு அளவை எட்டிவிடும். 'குறைபாடு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். எட்டு வயதிலேயே சான்று பெறலாம் என்று வழிகாட்டுதல் அனுமதிக்கும்போது, பதினைந்து வயது வரை காத்திருப்பது பள்ளிகளின் பழக்கமாகிவிட்டது.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் நிர்வாகத்தைவிட முன்னே நடக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலை கொண்ட ஒரு தேர்வர் தொடர்ந்த வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் எழுத்தர் உதவி என்ற நிபந்தனை செல்லாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராஃபியா எனும் எழுதும் குறைபாடு உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது தவறு என்றது. உரிமை இருந்தும் தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கு அது தெரியாததால் ஒரு மாணவி இழந்த நேரம் அது. சான்றிதழ் கையில் இருப்பதற்கும் அது புரிந்துகொள்ளப்படுவதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்யத் தேவையான பொருள்களில் பாதி ஏற்கெனவே இருக்கின்றன. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டு, ஆசிரியரின் கைப்பேசிச் செயலி வழியே தொடர்ந்து அளக்கப்படுகிறார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் நன்கு கற்பித்தும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்பது அந்தப் பதிவுகளில் தெரிந்துவிடும். முதல் சல்லடை அதுதான். கற்பித்த பிறகும் முன்னேற்றம் இல்லை என்ற ஆதாரம் கற்றல் குறைபாட்டு வரையறையிலேயே இருப்பதால், அந்தப் பதிவுக்கு மருத்துவ மதிப்பும் உண்டு. 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்த தொடக்க வகுப்புகளில் சிக்கிய தலைமுறையை மதிப்பிடும்போது இது இன்னும் முக்கியம். பள்ளியே இல்லாமல் தவறிய வாசிப்பையும் குறைபாட்டால் தவறும் வாசிப்பையும் இந்தப் பதிவை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மாவட்டங்களில் ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நோய்ப்பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.ஹெச்.டி.யும் இடம்பெற்றே இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரும்பில் நிற்கும் பிள்ளையின் பெயர் அதன் ஆசிரியரின் கைப்பேசியிலிருந்து வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து உளவியலாளருக்கும் போக வேண்டிய பாதைதான் இல்லை. வட்டாரத்துக்கு ஓர் உளவியலாளர் பணியிடம் உருவாக்கினால் அந்தப் பாதை உருவாகும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியாரிடம் மதிப்பீடு செய்ய முடியாத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு வேறு வழியே இல்லை.

அறிக்கை தமிழில் வேண்டும். எட்டுப் பக்க ஆங்கில அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன சார் எழுதியிருக்காங்க?" என்று ஊரில் படித்தவர் யாரையாவது தேடிப் போகும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். எண்கள் அடங்கிய பக்கங்கள் நிபுணர்களுக்கு ஆங்கிலத்தில் இருந்துகொள்ளட்டும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எது தடுக்கிறது, வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவை, வீட்டில் செய்ய வேண்டியவை, எப்போது மறுபடி பார்ப்பது என்ற ஒரே ஒரு பக்கம் தமிழில், கையெழுத்துடன் இணைக்கப்பட வேண்டும். பெற்றோரையும், ஓரளவு விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையையும் உட்கார வைத்து அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டுவது கட்டணத்தில் அடங்கிய கடமையாக வேண்டும். 'நீ முட்டாள் இல்லை. உனக்கு எழுத்தை ஒலியாக்க மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, அதற்குப் பயிற்சி உண்டு' என்று ஒரு பெரியவர் நேராகப் பார்த்துச் சொல்வதைக் கேட்கப் பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக ஒரு வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, எல்லா மாவட்டங்களிலும், தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கும் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு வேகத்தையும் எழுத்துப்பிழைகளின் போக்கையும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அளந்து, அந்த அளவுகளை இலவசமாக வெளியிட வேண்டும். நிம்ஹான்ஸும் டெல்லியும் நமக்காக இதைச் செய்துதரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. களத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கையில் செயலி இருக்கிறது, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். ஆணை பிறப்பிக்க வேண்டியது பள்ளிக் கல்வித் துறை.